பட்டியலில் பெயர், படகில் இடம்

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் பெண்களுக்கு ரோயிங் அணி, அதாவது துடுப்புப் படகு அணி, தொடங்கப்போவதாக அறிவித்தால், பக்கத்தில் ஆறு இருக்கிறதா, ஏரி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் எத்தனை பேர் என்று பாருங்கள். பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும். நாம் ஆடும் கால்பந்தைச் சொல்லவில்லை, ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டி மோதுகிற அவர்களுடைய ஃபுட்பாலைச் சொல்கிறேன். ஒரு அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம், அத்தனை பேரும் ஆண்கள். சட்டத்துக்காக அதற்கு ஈடாகப் பெண்களைச் சேர்க்க வேண்டுமென்றால் எங்கே போவது? கூடைப்பந்துக்குப் பதினைந்து பேர் போதும், டென்னிஸுக்கு அதுகூட வேண்டாம். ரோயிங்கில் மட்டும்தான் அறுபது எழுபது பெண்களை ஒரே அணியில் சேர்க்க முடியும்.

இதனால் ரோயிங் அணிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கூட்டம் உடனே சொல்லும்: இது கணக்குக்காகச் சேர்த்த விளையாட்டு, பெண்கள் யாரும் கேட்கவில்லை, ஏதோ சட்டத்துக்குப் பயந்து செய்தார்கள். இன்னொரு பக்கம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை சமத்துவம் வந்துவிட்டது என்று அறிக்கை விடும். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஆஸ்டினில் லேடி பேர்ட் ஏரிக் கரையில் காலையில் நடக்கப் போகிற பழக்கம் எனக்கு, டெக்சாஸ் பல்கலைக்கழகப் பெண்களின் படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கத் தொடங்கித்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: கணக்குக்காக ஒரு அணியைத் தொடங்கியதில் எந்தக் கேவலமும் இல்லை. பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டுப் படகில் இடம் கொடுக்காமல் விடுவதுதான் அநியாயம்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1972-ல் ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தங்களில் ஒன்பதாவது பகுதி, எல்லோரும் டைட்டில் நைன் என்று சொல்வது. ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது, பலனை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. அவ்வளவுதான். அதில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் எடித் கிரீன், பாட்ஸி மிங்க், பர்ச் பே ஆகியோர் அதைக் கொண்டுவந்தபோது அவர்கள் மனதில் முதலில் இருந்தது கல்லூரிச் சேர்க்கையும் ஆசிரியர் வேலையும். பெண்கள் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று மருத்துவக் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலம் அது.

ஆனால் விளையாட்டுத் துறை ஆட்களுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. 1974-ல், வருமானம் தரும் விளையாட்டுகளை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. கொண்டுவந்தவர் ஜான் டவர், டெக்சாஸ் செனட்டர். ஃபுட்பால் சம்பாதிக்கிறது, அதைத் தொடாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். அது கடைசியில் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை, ஏனென்றால் ஃபுட்பாலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ரோயிங் தேவைப்பட்டிருக்காது.

1979-ல் அரசு ஒரு விளக்கம் வெளியிட்டது. மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றில் தேறினால் போதும் என்றது. மாணவர் தொகையில் பெண்கள் எவ்வளவு பங்கோ, விளையாட்டு வீரர்களிலும் ஏறக்குறைய அதே பங்கு இருக்க வேண்டும். அது இல்லையென்றால், பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்திருப்பதைக் காட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால், பெண்களின் ஆர்வத்துக்கும் திறமைக்கும் முழுமையாக இடம் கொடுத்திருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் வாதாட இடம் கொடுப்பவை, வழக்குப் போட்டால் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. முதல் வழி வெறும் எண்ணிக்கை. வக்கீல்களுக்கு அதுதான் பிடிக்கும். அதனால்தான் எல்லாப் பல்கலைக்கழகங்களும் தலையை எண்ண ஆரம்பித்தன.

ஆனால் கணக்கு வருவதற்கு முன்னாலேயே படகுகளில் பெண்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கேட்கவே இல்லை என்று சொல்பவர்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் 1976 மார்ச் 3 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

யேல் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1969-ல்தான். அங்கே ரோயிங் என்பது ஆண்களின் பெரும் பெருமை. ஹார்வர்டும் யேலும் 1852-ல் மோதிய படகுப் பந்தயம்தான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. பெண்களும் ஓட்டத் தொடங்கினார்கள், நன்றாகவும் ஓட்டினார்கள். படகுத்துறை இருந்தது டெர்பியில், ஹூசடானிக் ஆற்றங்கரையில், பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பயிற்சி முடிந்ததும் ஆண்கள் உள்ளே போய்ச் சுடுதண்ணீரில் குளிப்பார்கள். பெண்களுக்குக் குளிக்க இடம் கிடையாது. வியர்வையும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து ஊறிய துணியோடு பஸ்ஸில் ஏறி, ஆண்கள் குளித்து முடித்து வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கனெக்டிகட் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு பிப்ரவரி மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தார்கள், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே பதில் வந்தது.

அன்றைக்கு அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்டும் கூட இருந்தவர்களும் சேர்ந்து பத்தொன்பது பேர் பெண்கள் உடற்கல்விப் பிரிவின் இயக்குநர் ஜோனி பார்னெட்டின் அறைக்குப் போனார்கள். ஒரு மாணவச் செய்தியாளரும் புகைப்படக்காரரும் உடன் வந்தார்கள். அறைக்குள் போனதும் மேலே போட்டிருந்ததைக் கழற்றினார்கள். மார்பிலும் முதுகிலும் நீல நிறத்தில் டைட்டில் நைன் என்று எழுதியிருந்தார்கள். அப்படியே நின்றபடி எர்ன்ஸ்ட் ஒரு அறிக்கையை வாசித்தார். யேல் சுரண்டுகிற உடல்கள் இவைதான் என்று தொடங்கி, மழை எங்கள் தோலில் உறைகிறது, அந்த ஈரத்தோடு பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம், எங்களில் சிலர் நோயில் படுத்திருக்கிறார்கள் என்று போகிற அறிக்கை. செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதற்கப்புறம்தான் பெண்களுக்கும் குளியலறை வந்தது.

அதே ஆண்டு கோடையில் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் முதல்முறையாகப் பெண்கள் ரோயிங் சேர்க்கப்பட்டது. எர்ன்ஸ்ட் அமெரிக்க அணியில் இருந்தார். யேல் அணியின் ஆன் வார்னர் எட்டுப்பேர் படகில் வெண்கலம் வென்றார். அதே படகில் அனிதா டிஃபிரான்ட்ஸும் இருந்தார், பிற்காலத்தில் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அவர் கனெக்டிகட் கல்லூரியில் சேரும்வரை இந்தப் படகைப் பார்த்ததுகூட இல்லை, வழியில் வைத்திருந்த நீளமான ஒல்லியான பொருள் என்னவென்று கேட்கப்போய்ப் பயிற்சியாளரிடம் மாட்டிக்கொண்டவர். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆர்வம் இருந்தால்தானே வாய்ப்பு தர முடியும் என்பார்கள். வாய்ப்பு கண்ணெதிரில் கிடந்தால்தான் பல சமயம் ஆர்வமே பிறக்கிறது.

சரி, எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் கிளப் அளவில் விளையாடிக்கொண்டிருந்த ஏழு மாணவிகள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது, தாங்கள் ஆடும் ரோயிங், சாக்கர் (நம் கால்பந்து), சாஃப்ட்பால் போன்றவற்றைப் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வ அணிகளாக்க வேண்டும் என்று. கிளப் என்றால் செலவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், பயிற்சியாளர், பயணம் எல்லாம் சொந்தப் பொறுப்பு. அந்தச் சமயத்தில் அங்கே மாணவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள், விளையாட்டு வீரர்களில் பெண்களோ 23 சதவீதம். 1993-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தப் பங்கை 44 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. சாக்கரும் சாஃப்ட்பாலும் முதலில் வந்தன. 1990களின் பின்பாதியில் ரோயிங் வந்தது. அதாவது சட்டத்துக்குப் பயந்து தொடங்கிய அணி என்று யாராவது சொன்னால், ஆமாம், அப்படித்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் விளையாட விரும்பிய ஏழு பெண்கள்.

அந்த அணி இப்போது எங்கே நிற்கிறது தெரியுமா? 2021-ல் தேசிய சாம்பியன். 2022-ல் மறுபடியும். 2024-ல் மூன்றாவது தடவை. ஒஹையோ ஸ்டேட் கதையும் இதே மாதிரி, 1990களின் நடுவில் தொடங்கிய அணி, 2013, 2014, 2015 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது. இந்த அணிகளில் துடுப்புப் போட்ட பெண்களிடம் போய், உங்களைக் கணக்குக்காகத்தான் சேர்த்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பத்தாண்டில் ஏன் இத்தனை அணிகள் முளைத்தன என்பதற்கு இரண்டு வழக்குகள் காரணம். 1992-ல் ஃபிராங்க்ளின் எதிர் க்வின்னெட் வழக்கில், டைட்டில் நைனை மீறினால் நஷ்ட ஈடும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை இருந்த அலட்சியம் அதோடு போயிற்று. இன்னொன்று பிரவுன் பல்கலைக்கழகம். 1991-ல் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளுக்கு நிதியை நிறுத்தினார்கள், கூடவே ஆண்களின் கோல்ஃப், வாட்டர் போலோ அணிகளுக்கும். ஆண் அணி இரண்டு, பெண் அணி இரண்டு, சமம்தானே என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். ஏற்கெனவே குறைவாக இருந்த இடத்திலிருந்து எடுப்பது எப்படிச் சமமாகும் என்று ஜிம்னாஸ்ட் ஏமி கோஹனும் மற்றவர்களும் கேட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1997-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததோடு பிரவுனின் தோல்வி உறுதியானது. அதே 1997-ல்தான் பெண்கள் ரோயிங்குக்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது, வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஜெயித்தது. தோற்றுப்போன அதே பிரவுனின் பெண்கள் ரோயிங் அணி 1999-லிருந்து 2011-க்குள் அந்தக் கோப்பையை ஏழு தடவை எடுத்தது.

ஆண்கள் ரோயிங் இன்றுவரை என்சிஏஏவுக்குள் வரவில்லை. அவர்களுடைய பந்தயம் 1895-லிருந்து தனியாக நடக்கிறது, என்சிஏஏவை விட வயதில் மூத்தது, அப்படியே இருந்துகொள்கிறோம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பெண்களுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு, பல பல்கலைக்கழகங்களில் ஆண்கள் இன்னும் கிளப்தான்.

இந்த விளையாட்டு பல்கலைக்கழகங்களுக்குப் பிடித்துப்போனதற்கு எண்ணிக்கை தவிர இன்னொரு காரணம், முன் அனுபவம் தேவையில்லை. கூடைப்பந்தையோ நீச்சலையோ பதினெட்டு வயதில் தொடங்கிக் கல்லூரி அணிக்கு வர முடியாது. துடுப்புப் போடுவதை அந்த வயதில் தொடங்கியும் வர முடியும். ஆகஸ்டில் கல்லூரி திறந்ததும் துணைப் பயிற்சியாளர்கள் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலும் விடுதி வாசலிலும் நின்றுகொண்டு உயரமான பெண்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். வாலிபால் ஆடியிருக்கிறாயா, ஓடுவாயா, நாளைக்குக் காலையில் வா. இப்படி வருகிறவர்களை வாக்-ஆன் என்பார்கள், முதல் வருடம் நாவிஸ் அணி, அதாவது புதியவர்கள் அணி. சூசன் ஃபிரான்சியா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்படி வந்து சேர்ந்தவர்தான், 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அமெரிக்கப் பெண்கள் எட்டுப்பேர் படகு 2006-லிருந்து 2016 வரை ஒரு உலகப் பட்டத்தையும் ஒலிம்பிக் தங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. தொடர்ந்து பதினோரு வருடம். கணக்குக்காகச் சேர்த்த அணிகள்தான் அந்தப் படகுக்கு ஆள் அனுப்பின.

என் தோழியின் மகள் இப்படி ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகச் சேர்ந்தாள். ஐந்தடி பத்து அங்குலம், பள்ளியில் கொஞ்சம் வாலிபால், நீச்சல் தெரியும், அவ்வளவுதான். தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவள் ரசம் சாதத்தைப் பிசையப் போய் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் அடியில் வரிசையாகக் கொப்புளம், இரண்டு உடைந்து தோல் உரிந்திருந்தது, ஒன்றின் மேல் வெள்ளை டேப். புளியும் உப்பும் பட்டால் எரியாமல் என்ன செய்யும். அவள் அம்மா, "பொண்ணு கையா இது, பாருங்க" என்று என்னிடம் முறையிட்டாள். அவளோ, "கொஞ்ச நாள்ல காய்ச்சுப் போயிடும் ஆன்ட்டி, அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்று ஸ்பூன் எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு முழுப் பாடமும் நடந்தது. கையால் இழுப்பதில்லையாம், காலால் தள்ளுவதுதான் எல்லாமே. காலைக் கட்டிப்போட்ட பலகையை உதைத்தால் இருக்கை சக்கரத்தில் பின்னால் ஓடும், முதுகு திறக்கும், கடைசியில்தான் கை. எட்டுப் பேர் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும், ஒருத்தி கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால் படகு சாயும், பின்னால் உட்கார்ந்து படகை வழிநடத்தும் காக்ஸ் உடனே பெயர் சொல்லித் திட்டுவாள். தண்ணீர் உறைகிற மாதங்களில் உள்ளே எர்க் மெஷின், தரையிலேயே துடுப்பு இழுத்துப் பழகுவதற்கு. இரண்டாயிரம் மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் முடித்த அன்று மெஷினிலிருந்து தரையில் விழுந்து கிடந்ததாகச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம், எங்கள் வீட்டுப் பெண்களின் முகத்தில் பரீட்சை மார்க்குக்கு மட்டும்தான் நான் அதுவரை பார்த்திருந்த சந்தோஷம்.

ஆனால் அவள் பின்னொரு நாள் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அவளோடு சேர்ந்தவர்களில் அவள் அறைத்தோழியும் ஒருத்தி. ஐந்து மணிக்கு எழுந்து வந்தாள், எர்க் போட்டாள், எடை தூக்கினாள். ஒரு பந்தயத்தில்கூட அவளை ஏற்றவில்லை. படகு போதவில்லை, நாவிஸ்களுக்கு ஒரே ஒரு பயிற்சியாளர், பயணத்துக்கு இருபது பேருக்கு மேல் கூட்டிப்போகப் பணம் இல்லை. சீருடைகூட முழுதாகக் கொடுக்கவில்லை. வசந்த காலத்தில் அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் அந்த வருடக் கணக்கில் அவள் விளையாட்டு வீராங்கனைதான். மத்திய கல்வித் துறைக்குக் கொடுக்கும் அறிக்கையில், பருவத்தின் முதல் போட்டி நாளன்று பட்டியலில் இருப்பவர்களை எண்ண வேண்டும், பிறகு விலகினாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

என்சிஏஏ சாம்பியன்ஷிப்பில் ஒரு பல்கலைக்கழகம் மூன்று படகு இறக்கும். எட்டுப்பேர் படகு இரண்டு, நாலுபேர் படகு ஒன்று, மூன்றுக்கும் காக்ஸைச் சேர்த்தால் மொத்தம் 23 பேர். மற்ற படகுப் பந்தயங்களில் மூன்றாவது எட்டு, நாவிஸ் எட்டு என்று இன்னும் சில படகுகள் போகும். அதற்கு அறுபது எழுபது பேர் இருப்பது நியாயம், எல்லோருக்கும் ஏதோ ஒரு படகில் இடம் கிடைக்கும். சில இடங்களில் நூறைத் தாண்டிப் போகும்போது அந்த மிச்சப் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்க வேண்டாமா? ஃபுட்பாலிலும் பாதிப் பேர் பெஞ்சில்தானே என்பார்கள். அந்தப் பெஞ்சில் இருக்கிறவனுக்கு சாப்பாடு, மருத்துவர், விமான டிக்கெட், பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. இவளுக்கு அதிகாலை அலாரம் மட்டும்தான்.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் குறை இல்லை. 2011-லேயே நியூயார்க் டைம்ஸ் இந்த எண்ணிக்கை விளையாட்டை விரிவாக எழுதியது. பெண்கள் அணியோடு பயிற்சிக்கு ஆடும் ஆண்களைப் பெண்கள் கணக்கில் சேர்ப்பது, குறுக்கோட்டம் ஓடுகிறவளையே உள்ளரங்கத் தடகளத்திலும் வெளியரங்கத் தடகளத்திலும் சேர்த்து மூன்று பேராக எண்ணுவது, இப்படி. நீதிமன்றங்களும் இதைக் கவனித்தன. கனெக்டிகட்டில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு அதற்குப் பதிலாகப் போட்டிச் சியர் (சியர்லீடிங்) அணியை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தது. 2010-ல் நீதிபதி ஸ்டெஃபன் அண்டர்ஹில் அதை ஏற்கவில்லை, அந்தச் சியர் அணி இன்னும் முறையான விளையாட்டாக வளரவில்லை, பல்கலைக்கழகம் காட்டிய எண்ணிக்கையை அப்படியே ஏற்க முடியாது என்றார். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பங்கேற்பு உண்மையானதாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைத்தான் ரோயிங் அணிகளுக்கும் நான் கேட்கிறேன்.

அயோவா பல்கலைக்கழகத்தில் 2020-ல் பெண்கள் நீச்சல் அணியை நிறுத்துவதாக அறிவித்தபோது மாணவிகள் வழக்குப் போட்டார்கள். ரோயிங் அணியில் தேவைக்கு மேல் பெயர்களைச் சேர்த்துப் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்பது அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி. நீதிபதி தடை விதித்தார், நீச்சல் அணி திரும்ப வந்தது, சமரசத்தில் பெண்கள் மல்யுத்தமும் சேர்ந்தது. பாருங்கள், ஒரு விளையாட்டுப் பெண்களை வைத்து இன்னொரு விளையாட்டுப் பெண்களைக் கழிக்கப் பார்த்திருக்கிறார்கள். படகில் இல்லாத பெயர் ஒவ்வொன்றும் நீச்சல் குளத்தில் ஒருத்தியின் இடத்தைப் பறிக்கிறது.

அதே 2020 ஜூனில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் பணமில்லை என்று சொல்லி நாலு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தது, ஆண்களுடையவை மூன்று, பெண்களுடையது ரோயிங். பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2021 மே மாதம் அதே நீதிபதி அண்டர்ஹில் அணியைக் கலைக்கக் கூடாது என்று தடை போட்டார், கொஞ்ச நாளில் பல்கலைக்கழகம் அணியை வைத்துக்கொள்வதாக அறிவித்தது. கணக்குக்காக உண்டான அணியைக் காப்பாற்ற நீதிமன்றம்வரை போன பெண்களுக்கு அது வெறும் கணக்காக இருந்திருக்க முடியாது.

இன்னொரு குறையையும் நேர்மையாகப் பேச வேண்டும். ஆண்கள் மல்யுத்தம், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற அணிகள் நூற்றுக்கணக்கில் போய்விட்டன, அந்த வீரர்களின் வருத்தம் உண்மையானது. மல்யுத்தப் பயிற்சியாளர் சங்கம் 2002-ல் அரசு மேலேயே வழக்குப் போட்டது, தள்ளுபடியானது. ஆனால் அவர்கள் கோபப்பட வேண்டிய திசை வேறு என்று நினைக்கிறேன். ஆண்கள் விளையாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தின இரவுகூட ஃபுட்பால் அணியை ஹோட்டலில் தங்க வைக்கிற பல்கலைக்கழகம், மல்யுத்த மெத்தைக்குக் காசில்லை, பெண்கள் சட்டம்தான் காரணம் என்று சொன்னால் எப்படி நம்புவது? எங்கள் டெக்சாஸில் இதைச் சொன்னால் நண்பர்கள்கூட முகத்தைச் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

ரோயிங் மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அது வேறு. பள்ளியில் படகு ஓட்டப் பெரும்பாலும் வசதியான ஊர்களில்தான் முடியும். அதனால் அணிகளில் வெள்ளைக்காரப் பெண்களே அதிகம், இப்போது பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியிலிருந்தும் தேர்ந்த வீராங்கனைகளைக் கூட்டி வருகிறார்கள். வாக்-ஆன் வழி ஒன்றுதான் மற்ற பெண்களுக்குத் திறந்திருந்த வாசல். தடகளத்தில் கூட்டியிருக்கலாமே, கறுப்பினப் பெண்கள் அதிகம் வந்திருப்பார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.

இப்போது எல்லாம் மறுபடி மாறுகிறது. 2025 ஜூனில் ஹவுஸ் எதிர் என்சிஏஏ வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. பல்கலைக்கழகங்கள் முதல் வருடம் ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பணத்துக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை சொன்னது, பிப்ரவரியில் புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஸ்காலர்ஷிப் உச்சவரம்புக்குப் பதிலாக ஆள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்திருக்கிறது. சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஃபுட்பாலுக்கு 105, பெண்கள் ரோயிங்குக்கு 68. பழைய விதிப்படி ரோயிங்குக்கு 20 ஸ்காலர்ஷிப்தான், அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். இனி விரும்பினால் 68 பேருக்கும் கொடுக்கலாம். நூறைத் தாண்டிய பட்டியல்களுக்கு ஒரு முடிவு என்ற வகையில் எனக்கு நிம்மதி. ஆனால் முதலில் வெளியே போகப்போவது யார்? ஆகஸ்டில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கூப்பிட்டு வந்த பெண்கள்தான். அனுபவமில்லாத ஒருத்திக்கு ஒரு வருடம் செலவழிப்பதை விட வெளிநாட்டிலிருந்து ஒருத்தியை வரவழைப்பது பயிற்சியாளருக்குச் சுலபம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மகளை ஏதாவது ஒரு பல்கலைக்கழக அணியில் சேரக் கூப்பிட்டால் தயங்காமல் போகச் சொல்லுங்கள், கை காய்த்தால் காய்க்கட்டும். போவதற்கு முன்னால் 1994-ல் வந்த விளையாட்டுச் சமத்துவ வெளிப்படைச் சட்டத்தின்படி அந்தப் பல்கலைக்கழகம் வருடாவருடம் கொடுக்கும் அறிக்கையைக் கல்வித் துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரோயிங் அணியில் எத்தனை பெண்கள், எத்தனை பயிற்சியாளர்கள், ஆளுக்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதிலிருந்தே தெரியும். பிறகு பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: எத்தனை எட்டுப்பேர் படகு வைத்திருக்கிறீர்கள், போன வருடம் நாவிஸ் அணி எத்தனை பந்தயத்துக்குப் போனது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு பந்தயமாவது ஓட்டினார்கள்? நல்ல பயிற்சியாளர் என்றால் தயங்காமல் சொல்வார்.